பக்கவாதத்துக்குப் பிறகு விழாமல் நடக்க: மெஷின் உள்ள சென்டரா, வீட்டுப் பயிற்சியா?

மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகிற அன்றே குடும்பத்துக்குள் பேச்சு பிரிந்துவிடும். "டிரெட்மில் எல்லாம் இருக்கிற ரீஹேப் சென்டருக்குத் தினமும் கூட்டிட்டுப் போகலாம்" என்பார் ஒருவர். "அலைச்சல் எதுக்கு, பிசியோவை வீட்டுக்கே வரச் சொல்லலாம்" என்பார் இன்னொருவர். செலவுக்குக் கையைக் கடிக்கிற வீடு என்றால் மூன்றாவது யோசனையும் வரும்: "கத்துக்கிட்டு நாமே செஞ்சு விட்டா என்ன?"

இந்த மூன்றையும் ஒரே கேள்வியை வைத்துப் பார்க்கிறேன்: எதைச் செய்தால் மனிதர் விழாமல் இருப்பார்? பக்கவாதம் வந்த பக்கத்தில் எலும்பும் நாளாக ஆக வலுவிழக்கும். விழும்போது பெரும்பாலும் அந்தப் பக்கமாகத்தான் சாய்கிறார்கள். இடுப்பெலும்பு முறிந்தால், அதுவரை சேர்த்த நடையெல்லாம் போய் மறுபடி படுக்கைதான். வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுப்பது என் தொழில். அதனால் என் அபிப்பிராயத்துக்கு முன்னால் ஆய்வு சொல்வதை வைத்துவிடுகிறேன்.

சென்டரையும் வீட்டையும் நேருக்கு நேர் நிறுத்திய பெரிய ஆய்வு லீப்ஸ். அமெரிக்காவில் கலிபோர்னியாவிலும் ஃபுளோரிடாவிலும் பமீலா டங்கன் குழுவினர் நடத்தினார்கள், 2011-ல் முடிவு வெளியானது. 408 பேர் அதில் இருந்தார்கள். ஒரு பகுதியினருக்கு உடம்பில் பெல்ட் மாட்டி, எடையில் ஒரு பங்கை மேலிருந்து தாங்கிக்கொண்டு டிரெட்மில்லில் நடை. அவர்களில் சிலருக்குப் பக்கவாதம் வந்து 2 மாதத்தில் தொடங்கினார்கள், சிலருக்கு 6 மாதத்தில். மற்றவர்களுக்குப் பிசியோ வீட்டுக்குப் போய்க் கால் வலுவுக்கும் சமநிலைக்கும் பயிற்சி கொடுத்தார். ஒரு வருஷ முடிவில் மொத்தத்தில் 52 சதவீதம் பேருக்கு நடை ஒரு படி மேலே போயிருந்தது. எந்தப் பிரிவும் இன்னொன்றை முந்தவில்லை.

விழும் கணக்கில்தான் வித்தியாசம் தெரிந்தது. நடை ரொம்ப மோசமாக இருந்தவர்களில், சீக்கிரமே டிரெட்மில் ஏறியவர்கள் திரும்பத் திரும்ப அதிகம் விழுந்தார்கள். பயிற்சியின்போது தலைசுற்றலும் டிரெட்மில்காரர்களுக்கே அதிகம். வீட்டுப் பயிற்சி எடுத்தால் விழவே மாட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. மொத்தமாகப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த ஒரு வருஷத்தில் விழுந்திருக்கிறார்கள். ஆனால் மெஷினுக்காகக் கடன் வாங்குகிற குடும்பம் இந்த முடிவைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

ஏன் இப்படி என்று கேட்டால், நான் பார்த்த வரையில் காரணம் இதுதான். டிரெட்மில்லில் பாதை நேராக ஓடும், தடுமாறினால் பெல்ட் பிடித்துக்கொள்ளும். வீட்டில் யாரும் நேராக நடக்கும்போது மட்டும் விழுவதில்லை. திரும்பும்போது விழுகிறார்கள், உட்காரப் போகும்போது விழுகிறார்கள், எட்டி எதையாவது எடுக்கும்போது விழுகிறார்கள்.

பாத்ரூம் வாசலில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். தரை ஒரு இஞ்ச் தாழ்ந்திருக்கும். கதவு உள்பக்கமாகத் திறக்கும். இடது பக்கம் பாதிக்கப்பட்டவர் என்றால், வலது கை கதவைப் பிடிக்கப் போனால் ஸ்டிக்கை எங்கே வைப்பது? துண்டு மாட்டுகிற ஆணி இடது பக்கம், அதாவது வராத கையின் பக்கம். உள்ளே போய் வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்கார வேண்டுமானால் முழுசாக அரைச் சுற்றுத் திரும்ப வேண்டும். அவசரத்தில் உடம்பு திரும்பிவிடும், பலவீனமான கால் திரும்பாமல் நிற்கும், இரண்டு காலும் பின்னிக்கொள்ளும். பலர் விழுவது இந்த இடத்தில்தான்.

வீட்டுக்கு வருகிற பிசியோவால் இதையே பயிற்சியாக்க முடியும். தரை உலர்ந்திருக்கும்போது, உடை மாற்றாமல், சும்மா உள்ளே போய் வரச் சொல்வோம். சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்துத் திரும்பணும். இரண்டு முழங்காலின் பின்பக்கமும் டாய்லெட் சீட்டில் படுகிற வரைக்கும் உட்காரக் கூடாது. பட்ட பிறகு, நல்ல கை கைப்பிடியில், அப்புறம்தான் இடுப்பு கீழே இறங்கலாம். இதைத் தினமும் பல தடவை செய்தால் கால் தானாகப் பழகும். கூடவே ஆணி இடம் மாறும், வாளி ஒரு ஸ்டூல் மேலே ஏறும், மூலையில் கிடக்கிற மிதியடி வெளியே போகும்.

இன்னொன்றும் வீட்டில்தான் பிடிபடும். அவர் ஹாலில் நடக்கும்போது பின்னாலிருந்து "காபி வேணுமாப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்வதற்காக நின்றுவிடுகிறார் என்றால், நடப்பதற்கே முழுக் கவனமும் செலவாகிறது. அவர் விழுகிற வாய்ப்பு அதிகம். அதனால் பேசிக்கொண்டே நடப்பதும் பின்னாளில் பயிற்சியில் சேரும்.

சரி, பிசியோ இல்லாமல் குடும்பமே செய்தால்? இதை இந்தியாவிலேயே சோதித்தார்கள். அட்டெண்ட் என்ற அந்த ஆய்வில் 14 மருத்துவமனைகள், 1250 நோயாளிகள். வீட்டில் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்து அவர் கையாலேயே பயிற்சி நடந்தது. 2017-ல் முடிவு வந்தது. 6 மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்கிறவர்களும் சேர்ந்து, அந்தப் பிரிவிலும் வழக்கமான சிகிச்சைப் பிரிவிலும் ஒரே 47 சதவீதம். விழுவது அங்கே முதன்மைக் கணக்கு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் பிசியோவுக்கு மாற்றாகக் குடும்பத்தை நிறுத்த இது தைரியம் தரவில்லை.

குடும்பம் இல்லாமலும் நடக்காது. பிசியோ ஒரு மணி நேரம் இருப்பார், மீதி நேரமெல்லாம் நீங்கள்தான். அன்பினாலேயே இரண்டு தவறு நடக்கிறது. வராத கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவது ஒன்று. அந்தத் தோள் மூட்டு ஏற்கெனவே தளர்ந்திருக்கும், இழுத்தால் மாதக்கணக்கில் வலிக்கும். பலவீனமான பக்கமாக, அரை அடி பின்னால் நின்று, இடுப்பு பெல்ட்டைப் பிடியுங்கள். இரண்டாவது, எல்லாவற்றையும் நாமே செய்து கொடுத்துவிடுவது. அந்தக் காலில் எடை விழாமலே இருந்தால் சமநிலை எங்கிருந்து வரும்?

குழு வகுப்பு நான்காவது வழி, ஏற்கெனவே நடக்கிறவர்களுக்கு மட்டும். அரிசோனாவில் ரூத் டெய்லர்-பிலியே குழு 145 பேரை மூன்றாகப் பிரித்து 12 வாரம் பார்த்தது. டாய் சி என்கிற மெதுவான சீன அசைவுப் பயிற்சி செய்தவர்கள் 5 முறை விழுந்தார்கள், பொது உடற்பயிற்சி வகுப்பில் 14, வழக்கமான கவனிப்பில் 15. ஆய்வு சிறியதுதான், ஆனாலும் மெதுவாக எடையைக் காலுக்குக் கால் மாற்றுகிற பயிற்சிக்கு நல்ல சான்று. நம் ஊரில் அப்படி வகுப்பு கிடைப்பது அரிது.

அப்படியானால் சென்டர் வேண்டவே வேண்டாமா? இரண்டு பேர் தாங்கினால்தான் நிற்க முடியும் என்கிற நிலையில் இருப்பவருக்கு சென்டர்தான் சரி. அங்கே பேரலல் பார், அதாவது இரண்டு பக்கமும் பிடித்து நடக்கிற கம்பி இருக்கும், பெல்ட் இருக்கும், ஆள் இருப்பார்கள். இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கவனிக்காமல் விட்டுவிட்டவர்களுக்கும், இதய நோய் சேர்ந்திருப்பவர்களுக்கும் அப்படியே. ஒருவர் துணையோடு நிற்க ஆரம்பித்ததும் செலவை வீட்டுப் பயிற்சிக்குத் திருப்புவேன்.

ஸ்டிக் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எதுவானாலும் நல்ல கையில். ஒரு கை பிடிக்காதவருக்கு வாக்கர் உதவாது, அதற்கு இரண்டு கையும் வேண்டும். நாலு கால் ஸ்டிக் சமதரையில் உறுதியாக நிற்கும். குறுகின படியில் நாலு காலும் பதியாமல் ஆடும், மாடிப்படி உள்ள வீட்டில் யோசித்து வாங்குங்கள். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எந்த உயரத்தில் இருக்கிறதோ, கைப்பிடி அந்த உயரம்.

தமிழ்நாட்டில் காசு தடையாக இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். தினமும் வருவார்கள் என்று நினைக்க வேண்டாம், வருகிற அன்று உங்கள் வீட்டு பாத்ரூமையும் படியையும் காட்டி அங்கேயே கற்றுக்கொள்ளுங்கள். காசு கொடுத்துக் கூப்பிடுகிற பிசியோவிடமும் முதல் நாளே இதைக் கேளுங்கள். கட்டிலில் படுக்க வைத்துக் கை காலை மடக்கி நீட்டிவிட்டு மட்டும் கிளம்புகிறார், எழுப்பி நிறுத்துவதே இல்லை என்றால், அதற்கான காரணத்தைக் கேளுங்கள். ரத்த அழுத்தம், இதயம் என்று தெளிவான காரணம் இல்லாவிட்டால் வேறு பிசியோவைப் பாருங்கள்.