கடலூர் மாடிக்கு சிலிக்கானா, பாலிமரா?

அக்கா மகன் புதுச்சேரியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறான். கடலூரில் கடலோரத் தேவனாம்பட்டினம் வீட்டு மாடியில் சோலார் பேனல் போடலாம் என்று பேச்செடுத்ததும், "பொறுங்க மாமா, பிளாஸ்டிக்லயே சோலார் வருது" என்றான்.

அவன் சொன்னது வெறும் ஆசை இல்லை. பிளாஸ்டிக்கும் மின்சாரம் கடத்தும் என்று 1977-இல் காட்டிய ஹீகர், மெக்டையர்மிட், ஷிராகாவா மூவரும் 2000-இல் வேதியியல் நோபல் வாங்கினார்கள். வழக்கமான பேனலில் இருக்கும் சிலிக்கானை 1,414 டிகிரி செல்சியஸில் உருக்க வேண்டும். பாலிமரை, அதாவது இந்தப் பிளாஸ்டிக்கை, கரைத்து மை போல அச்சடிக்கலாம். தடிமனும் சுமார் 100 நானோமீட்டர் போதும். சிலிக்கான் வில்லை இதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் தடிமன்.

சிக்கல் உள்ளே இருக்கிறது. சிலிக்கானில் ஒளி பட்டதும் எலக்ட்ரான் எளிதாக விடுபடும். பாலிமரில் அது தான் விட்டுவந்த காலி இடத்தோடு ஒட்டிக்கொண்டே நிற்கும். சுமார் 10 நானோமீட்டருக்குள் இன்னொரு பொருளின் எல்லையைத் தொட்டால்தான் பிரியும். அதனால் இரண்டு பொருளையும் இட்லி மாவு போலக் கலக்கிறார்கள். ஒரேயடியாகக் கரைந்துவிட்டாலும் ஆகாது, மின்னேற்றம் வெளியேற இரண்டிலும் தொடர்ச்சியான வழி வேண்டும். இந்தக் கலவையைப் பக்குவப்படுத்தவே இத்தனை வருடம் ஆனது. ஒரு காலத்தில் நான்கைந்து சதவீதத்தில் கிடந்த திறன் (பட்ட ஒளியில் மின்சாரமாகும் பங்கு) படிப்படியாக ஏறி, 2019-இல் பாலிமரோடு கலக்க ஒய்6 என்ற மூலக்கூறு வந்தபின் 15-ஐத் தாண்டி, இன்று 19, 20 வரை வந்திருக்கிறது. ஆனால் அது நகக்கண் அளவு ஆய்வகச் செல்லில். கடையில் கிடைக்கும் சிலிக்கான் பேனலே 20-க்கு மேல் தருகிறது, 25 வருட உத்தரவாதத்தோடு.

ஆயுள்தான் என்னைத் தடுக்கிறது. ஒளியும் ஆக்சிஜனும் சேர்ந்து பாலிமரைச் சிதைக்கும், ஈரம் மின்முனையை அரிக்கும். ஜன்னல் கம்பியே துருப்பிடித்து உதிரும் ஊர் இது. மாடிக்கு சிலிக்கான்தான், சந்தேகமே இல்லை.

வீட்டுக்குள் வந்தால் கதை வேறு. எல்இடி விளக்கின் வெளிச்சத்துக்கு ஏற்றபடி பாலிமரை வடிவமைக்க முடியும். சிறிய சென்சாருக்கு அது நன்றாகப் பொருந்தும். கனம் தாங்காத ஓட்டுக்கூரைக்கும் மெல்லிய படலம்தான் சரி.

இதையே திருப்பி, மின்சாரம் கொடுத்தால் ஒளி உமிழ்வதில் சிலிக்கான் போட்டியிலேயே இல்லை. 1990-இல் கேம்பிரிட்ஜில் பாலிமர் படலத்தை மஞ்சள் பச்சையாக ஒளிர வைத்தார்கள். அப்புறம் ஏன் போன் திரையில் அது இல்லை? அங்கே போட்டி, பாலிமர் போல நீளச் சங்கிலியாக இல்லாத சிறு கரிம மூலக்கூறுகளோடு. அவற்றை ஆவியாக்கிச் சுத்தப்படுத்தலாம், வெற்றிடத்தில் அடுக்கடுக்காகப் படிய வைக்கலாம். பாலிமர் ஆவியாகாது, மேல் அடுக்கைப் பூசும் கரைப்பான் கீழ் அடுக்கையும் கரைத்துவிடும்.

மருமகன் திறனைக் கூட்டுவதில் ஆய்வு செய்யப் போகிறானாம். ஈரம் புகாமல் மூடுவதை எடு என்றேன். ஐப்பசி, கார்த்திகை முழுக்க அவன் படலத்தை வைத்துப் பார்க்க, என் பேனலுக்குப் பக்கத்தில் இடம் விட்டுவைக்கிறேன்.