63 மைலிலிருந்து 70 மைல்: என் பாஸ் படகோடு நான்கு வருடம்

ஹியூஸ்டனிலிருந்து இரண்டரை மணி நேரம் ஓட்டினால் சாம் ரேபர்ன் ஏரி. முழுக்க டெக்சாஸுக்குள்ளேயே இருக்கும் ஏரிகளில் இதுதான் பெரியது, 1,14,000 ஏக்கருக்கு மேல். பாஸ் மீன் நம் ஊர் விராலைப் போல, செடி மறைவில் பதுங்கியிருந்து அடிக்கும். அந்த மறைவு படகு இறக்கும் இடத்திலிருந்து இருபது மைல் தள்ளியும் இருக்கலாம். அதனால்தான் அதைப் பிடிக்கப் போகும் பாஸ் படகுகளுக்கு வேகம் முக்கியம்.

என்னுடையது 20 அடி ஃபைபர்கிளாஸ் படகு, பின்னால் வெளியே மாட்டிய 225 குதிரைத்திறன் அவுட்போர்டு என்ஜின். பழையதாக வாங்கினேன். திராட்டிலை (வேகக் கைப்பிடியை) முழுக்கத் தள்ளினால் ஜிபிஎஸ் மணிக்கு 63 மைல் காட்டும், என்ஜின் 5350 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) மேல் ஏறாது. முழு திராட்டிலில் இந்த என்ஜினுக்கு வரம்பு 5000 முதல் 6000 வரை; 5350 அதில் கீழ்ப்பாதி.

ஒரு கடையில் "பிட்ச் கூட்டுங்கள், வேகம் தானாக வரும்" என்றார்கள். பிட்ச் என்பது வழுக்காமல் ஒரு சுற்றில் புரோப்பல்லர் முன்னேறும் தூரம், அங்குலத்தில். 25 பிட்ச் புரோப்பல்லரைக் கழற்றி 26 மாட்டினேன். ஆர்பிஎம் 5150க்கு இறங்கியது, வேகமும் ஒரு மைல் குறைந்தது. ஏற்கெனவே திணறும் என்ஜின்மேல் இன்னும் சுமை ஏற்றியதுதான் மிச்சம். திரும்ப 25க்கே வந்தேன்.

அதன்பிறகுதான் எடையைப் பார்த்தேன். வாசலில் தார்ப்பாய் விரித்து, பெட்டிகளில் இருந்ததையெல்லாம் இறக்கி, குளியலறைத் தராசில் வைத்தேன். தேவையே இல்லாத சாமான் மட்டும் 180 பவுண்டு! மீன் பிடிக்கும்போது மெதுவாக நகர உதவும் மின் மோட்டாரின் (டிரோலிங் மோட்டார்) மூன்று பேட்டரிகளையும் லித்தியத்துக்கு மாற்றியதில் இன்னொரு நூறு பவுண்டு போனது. பிடித்த மீனை உயிரோடு வைக்கும் தொட்டியான லைவ்வெல்லில் 30 கேலன் தண்ணீர் என்றால் 250 பவுண்டு, அதனால் மீன் பிடிக்கும் இடத்துக்குப் போன பிறகே நிரப்புகிறேன். 65 மைல், 5450 ஆர்பிஎம்.

பெரிய மாற்றம் தந்தது, என்ஜினை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் ஜாக் பிளேட். படகின் அடிப்பகுதியில் நடுவே தட்டையாக ஓடும் பேடுக்கு ஐந்து அங்குலம் கீழே புரோப்பல்லர் ஷாஃப்டின் மையம் இருந்தது. என்ஜினின் அடியில் புரோப்பல்லரைத் தாங்கும் கியர்கேஸ் அவ்வளவு ஆழத்தில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனால் வேகம் எங்கிருந்து வரும்? கால் அங்குலம் கால் அங்குலமாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் ஒரே வழியில் இரு திசையிலும் ஓட்டிக் குறித்தேன். ஷாஃப்ட் பேடுக்கு மூன்று அங்குலம் கீழே என்ற உயரத்துக்கு வந்ததும், படகைத் திருப்பும்போது புரோப்பல்லர் பிடி விட்டது. என்ஜின் சட்டென்று அலறியது, படகு மட்டும் நகரவில்லை. என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரின் அழுத்தமும் 12 பிஎஸ்ஐக்கு விழுந்தது. அதே நிலையில் ஓட்டியிருந்தால் என்ஜின் சூடேறி நாசமாகியிருக்கும். கால் அங்குலம் இறக்கியதும் எல்லாம் சரி. 69 மைல், 5650.

கணக்கு எளிது: ஆர்பிஎம்மை பிட்ச்சால் பெருக்கி, கியர் விகிதத்தாலும் 1056ஆலும் வகுத்தால் வழுக்கலே இல்லாதபோது வரவேண்டிய வேகம் கிடைக்கும். என் கியர் விகிதம் 1.75, அதன்படி ஆரம்பத்தில் 72 மைல் வந்திருக்க வேண்டும். கிடைத்தது 63. பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் வழுக்கல். இப்போது ஒன்பதுக்குள் இருக்கிறது. கடைசி ஒரு மைல், புரோப்பல்லரைச் செப்பனிடும் பட்டறையில் இதழ்களைச் சீராக்கியதில் வந்தது. கொடுத்த காசுக்கு அது சுமார்தான். எடைக்கும் உயரத்துக்கும் பிறகு செய்தால் போதும்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 65ஐத் தாண்டியதும் படகு இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். சைன் வாக் என்பார்கள். அப்போது பயந்துபோய் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் வேகமாக ஒடித்தால் ஆட்டம் கூடும். திராட்டிலைக் கொஞ்சம் தளர்த்தி, டிரிம்மை (என்ஜினின் சாய்வை) இறக்கிப் பழகுங்கள். அந்த 70ஐத் தைரியமாகத் தொட எனக்கு ஒரு பருவம் முழுக்க ஆனது. ஓட்டுபவர் விழுந்தால் என்ஜினை நிறுத்தும் கில் சுவிட்சின் கயிறு லைஃப் ஜாக்கெட்டில் மாட்டாமல் சாவியைத் தொடுவதில்லை. 2021 ஏப்ரலிலிருந்து அது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டமும்கூட.

ஆகஸ்ட் வெக்கையில் ஒன்றிரண்டு மைல் குறையும். ஜனவரிக் காலையில் திரும்ப வந்துவிடும்.