பழைய முலாமின் மேலேயே புது முலாம்: வைரச் சக்கரம் புதுப்பிக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

காங்கயத்தில் சந்திரகாந்தக் கல்லும் நட்சத்திர மாணிக்கமும் தீட்டும் சிறு பட்டறை என்னுடையது. கல்லைத் தேய்க்க, விளிம்பில் வைரத்தூளை நிக்கல் முலாமால் பதித்த உலோகச் சக்கரங்கள்தான் வைரச் சக்கரங்கள். தேய்ந்துபோன அவற்றுக்குப் புது முலாம் பூசித் தருவதாகச் சொன்ன வெளியூர்க்காரர்களிடம் 80, 220, 600 கிரிட் சக்கரங்களை அனுப்பினேன் (கிரிட் எண் கூடக்கூடத் தூள் நுண்மையாகும்). புதுச் சக்கரத்தின் விலையில் பாதி கேட்டார்கள், முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். சக்கரங்கள் பளபளவென்று திரும்பி வந்தன.

மோட்டாரை ஓடவிட்டுக் கல்லை வைத்ததுமே கை அதிர்ந்தது. சக்கரம் வட்டமாகவே இல்லை. சந்திரகாந்தக் கல்லுக்கு இரண்டு திசைகளில் பிளவுத் தளம் உண்டு. இப்படித் தட்டித் தட்டி ஓடும் சக்கரத்தில் அது பிளந்துதான் போகும், போனது. 600 சக்கரத்தில் தீட்டிய மாணிக்கத்தின் குவிந்த முகட்டிலோ ஆழமான ஒற்றைக் கீறல்கள். லூப் என்னும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் நுண்ணிய தூளின் நடுவே பருமனான மணிகள் அங்கங்கே ஒட்டியிருந்தன. பருந்தூள் கிடந்த முலாம் தொட்டியிலேயே இதையும் முக்கியிருக்கிறார்கள். ஒரேயொரு பருமணி போதும், நட்சத்திரக் கோடு ஓட வேண்டிய வளைவு பாழாகிவிடும்.

சில வாரங்களில் முலாம் செதில் செதிலாக உரிந்தது. அடியில் என் பழைய, மழுங்கிய முலாம் அப்படியே இருந்தது!

இந்தச் சக்கரங்களில் வைரத்தூள் ஒரே அடுக்குதான். அதைப் பிடித்து நிறுத்துவது நிக்கல். புதுப்பிப்பதென்றால் பழைய நிக்கலை முழுவதும் கரைத்தெடுத்து, வெற்றுச் சக்கரத்தின் வட்டத்தைச் சரிபார்த்து, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கிய பிறகே பூச வேண்டும். காற்றுப் பட்ட நிக்கலின்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் படிந்துவிடும். அதை நீக்காமல் அதன்மேல் பூசிய நிக்கல் பிடிக்காது. முலாம் தொழில் செய்பவருக்கு இது பாலபாடம். தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள்.

கேட்டபோது, "தண்ணீர் விடாமல் ஓட்டியிருப்பீர்கள்" என்றார்கள். தண்ணீரில்லாமல் ஓட்டினால் சக்கரம் சூடாகிக் கெடும். அதற்காக அடியில் பழைய முலாம் எங்கிருந்து முளைக்கும்? அதற்குப் பதிலே இல்லை. அடுத்த மூச்சில், மெருகூட்டும் ரெசின் (செயற்கைப் பிசின்) சக்கரங்களையும் அனுப்பச் சொன்னார்கள். பஞ்சுபோன்ற மெத்தைமேல் ரெசினோடு கலந்த வைரத்தூள் அது; அதை நிக்கல் முலாமால் புதுப்பிக்கவே முடியாது. அப்படிச் சொல்பவர்களிடம் எதையும் கொடுக்காதீர்கள்.

கொடுப்பதாயிருந்தால் சக்கரத்தின் பக்கவாட்டில் உங்கள் அடையாளத்தைக் குத்தி அனுப்புங்கள். பழைய முலாம் நீங்கிய நிலையில், அந்த அடையாளம் தெரியும்படி படம் கேளுங்கள். பாதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, டயல் கேஜ் (சுற்றும்போது நூலளவு ஆட்டத்தையும் முள்ளால் காட்டும் அளவி) வைத்து வட்டம் பார்த்த பிறகு கொடுங்கள். நுண்தூள் சக்கரத்துக்குத் தனித் தொட்டி உண்டா என்று கேட்டு, எழுதி வாங்குங்கள். என் பணம் இன்னும் திரும்பவில்லை. உரிந்த செதில்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறேன்.