செஸ்னா 172எஸ்: ஸ்டால் பழக நல்ல விமானம், ஆனா இது மட்டும் போதாது

இந்த விமானத்துல 40 மணி நேரத்துக்கு மேல ஓட்டியாச்சு, அதனால ஸ்டால் பத்தி மட்டும் தனியா ஒரு ரிவ்யூ எழுதலாம்னு தோணுச்சு. ஸ்டால்னா இன்ஜின் நின்னு போறதுன்னு எங்க வீட்லயே எல்லாரும் நினைச்சிட்டு இருந்தாங்க, காருக்கு அது சரி, விமானத்துக்கு அப்படி இல்ல. எதிர்காத்துக்கும் இறக்கைக்கும் நடுவுல இருக்கிற கோணம் ஒரு அளவ தாண்டுனா மேல்பக்கத்துல காத்து ஒட்டாம பிச்சுக்கிட்டு போயிடும், தூக்குற விசை சட்டுனு கொறஞ்சிடும், இன்ஜின் ஃபுல் பவர்ல ஓடுனாலும் இது நடக்கும்.

172ல ரொம்ப பிடிச்சது ஸ்டால் வரப்போகுதுன்னு எச்சரிக்கிற அந்த ஹார்ன். கரண்டே வேணாம், இடது இறக்கையோட முன் விளிம்புல ஒரு சின்ன ஓட்டை, உள்ள ஆர்மோனியத்துல இருக்கிற மாதிரி ஒரு ரீடு, ஸ்டால் ஆகுற வேகத்துக்கு 5ல இருந்து 10 நாட்ஸ் (ஒரு நாட்னா மணிக்கு சுமார் 1.85 கி.மீ.) முன்னாடியே ஊத ஆரம்பிச்சிடும். அதுவும் இல்லாம இறக்கைய லேசா முறுக்கி வச்சிருக்காங்க, அதனால உடம்பு பக்கம் மொதல்ல ஸ்டால் ஆகும், நுனி கடைசியா ஆகும். பவர கொறைச்சு யோக்க (விமானத்தோட ஸ்டீயரிங் மாதிரி, இழுத்தா மூக்கு ஏறும், தள்ளுனா எறங்கும்) இழுத்துட்டே இருந்தா கடகடன்னு ஒரு நடுக்கம், மூக்கு மெதுவா தலையாட்டிட்டு எறங்கும், அவ்ளோதான். புதுசா கத்துக்கிறவங்களுக்கு பயம் போயிடும்.

குறையும் அதேதான். இவ்ளோ சாதுவா இருக்கிறதால கை தப்பா பழகிடுது. நான் முதல்ல படிச்ச எடத்துல உயரம் கொறையக்கூடாதுன்னு மொதல்ல த்ராட்டில (இன்ஜின் பவர் கூட்டுற குமிழ) தள்ளச் சொல்லித்தான் பழக்குனாங்க. அது தப்பு. மூக்கு மேல இருக்கும்போது ஃபுல் பவர் குடுத்தா மூக்கு இன்னும் ஏறப் பார்க்கும், இடது பக்கம் வேற இழுக்கும். மொதல்ல யோக்க முன்னாடி விடணும், கோணம் கொறையணும், அப்புறம் இறக்கைய சமன் பண்ணி, பவர் குடுத்து, ரடரால (வால்ல இருக்கிற, காலால மிதிச்சு மூக்க இடது வலது திருப்புற தகடு) நேரா வச்சுக்கிட்டு, கடைசியா, மெதுவா பறக்க இறக்கைக்கு பின்னாடி எறக்கி வச்ச ஃப்ளாப்ப கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும். தரை கிட்ட வரும்போது கை தானா பின்னாடிதான் இழுக்கும், 2009ல அமெரிக்காவுல பஃபலோ கிட்ட விழுந்த கோல்கன் ஏர் விமானத்துலயும் எச்சரிக்கை வந்தப்ப கேப்டன் பின்னாடிதான் இழுத்தாரு, 50 பேர் செத்துப்போனாங்க. அது பெரிய விமானம், ஆனா கை எல்லாருக்கும் ஒரே கைதான்.

பவரோட பண்ற ஸ்டால்ல ஒருநாள் இடது இறக்கை விழுந்துச்சு, நான் உடனே யோக்க வலது பக்கம் திருப்பிட்டேன், இப்ப இருக்கிற இன்ஸ்ட்ரக்டர் சார் அத நடுவுக்கு கொண்டு வந்து யோக்க முன்னாடி விட்டு வலது ரடர மிதிச்சாரு. யோக்க திருப்புனா இறக்கை நுனிப்பக்கம் பின்னாடி ஏறி எறங்குற தகடுதான் அய்லரான், விழுற பக்கத்து அய்லரான் கீழ எறங்குனா அங்க கோணம் இன்னும் அதிகமாகும், நிலைமை மோசமாகும்னு கீழ எறங்குனப்புறம் பேப்பர்ல வரைஞ்சு காட்டுனாரு. அந்த பத்து நிமிஷத்துக்கே அவருக்கு காசு குடுக்கலாம்.

இன்னொன்னு, ஸ்பீடு மீட்டர்ல பச்சை கோடு 48 நாட்ஸ்ல ஆரம்பிக்குது, ஃப்ளாப் எறக்காம இருந்தா ஸ்டால் ஆகுற வேகம் அதுதான், ஆனா அது நேரா பறக்குறப்ப மட்டும்தான். உயரம் விடாம 45 டிகிரி சாய்ச்சு திரும்புனா 57, 60 டிகிரின்னா 68. ரன்வேக்கு திரும்புறப்ப சுமார் 65ல வர்றோம், ரன்வேயோட நேர்கோட்ட தாண்டிட்டோம்னு சாய்ச்சு இழுத்தா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க, அங்க மீள உயரமே இருக்காது. இழுக்காம கோ அரௌண்ட் போயிடுங்க, அதாவது எறங்காம மேல ஏறி திரும்ப சுத்தி வாங்க.

கத்துக்க 172 தாராளமா எடுக்கலாம். ஆனா அது முடிஞ்சதும் ஏரோபேட்டிக் (வானத்துல சாகசம் பண்ற) விமானத்துல, தெரிஞ்ச இன்ஸ்ட்ரக்டரோட, ஒரு மணி நேரமாவது ஸ்பின், அதாவது ஸ்டால் ஆகி பம்பரம் மாதிரி சுத்திக்கிட்டே எறங்குறத, பண்ணிப் பாருங்க. அங்க மீள்ற வரிசையே வேற, பவர் ஐடில் (முழுசா கொறைச்சு), அய்லரான் நடுவுல, சுத்துறதுக்கு எதிர் ரடர் முழுசா, அப்புறம் யோக் முன்னாடி.

பறக்குறதுக்கு முன்னாடி அந்த ஹார்ன் ஓட்டைய மறக்காம பாருங்க, சுத்தமான கைக்குட்டைய மேல வச்சு வாயால உறிஞ்சுனா சத்தம் வரணும், பூச்சி அடைச்சிருந்தா மேல போனப்புறம் அது ஊதாது.