கட்டுநாயக்கவுக்குத் திரும்பிய விமானமும் "ஒரே டிக்கட்" கதையும்

கொழும்பிலிருந்து லண்டனுக்கு மலிவாக டிக்கட் தேடுகிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள்.

வெள்ளவத்தையில் ஒரு டிரவல் ஏஜென்சியில் துபாய் வழியாகப் போய்வர டிக்கட் போட்டேன். துபாய் வரை ஒரு விமான நிறுவனம், அதற்கு அப்பால் வேறொன்று. "ரெண்டும் ஒரே டிக்கட்தான் அக்கா, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றார் அங்கிருந்த தம்பி. கையில் தந்ததும் அவர்களே அடித்த ஒரே தாள்தான்.

கட்டுநாயக்கவில் கிளம்பியதிலிருந்து காலடியில் ஒரே இரைச்சல். சில்லு உள்ளே மடியவில்லை, திரும்பப் போகிறோம் என்றார் விமானி. ஆனால் உடனே இறங்கவில்லை. கடலுக்கு மேல் சுற்றிக்கொண்டே இருந்தோம். பக்கத்து ஐயா தேவாரம் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார். நாங்கள் போன ஏ320 ரக விமானத்தில் எரிபொருளை வெளியே கொட்ட வசதி கிடையாது. விமானம் மொத்தமாகச் சுமார் 78 தொன் எடையுடன் மேலேறலாம், இறங்கும்போது 66 தொன் அளவுதான் இருக்கலாம். மிச்ச எடையை எரிபொருளைப் பறந்து எரித்துத்தான் குறைக்க வேண்டும். பத்திரமாக இறக்கினார்கள், விமானியில் ஒரு குறையும் இல்லை.

கூத்து அப்புறம்தான். கடவுச்சீட்டில் குத்திய புறப்பாட்டு முத்திரையை ரத்துச் செய்தார்கள், ஒரு பணிஸும் தேத்தண்ணியும் கிடைத்தன. மறுநாள் துபாய்க்கு இடம் தருகிறோம், லண்டன் டிக்கட் எங்களுடையது இல்லை என்று கவுண்டரில் கைவிரித்தார்கள். பார்த்தால் பிஎன்ஆர் எனும் முன்பதிவுக் குறியீடு இரண்டு! நான் வரவில்லை என்று இரண்டாவது நிறுவனம் போகும் பயணத்தோடு திரும்பும் பயணத்தையும் சேர்த்தே ரத்துச் செய்துவிட்டது. ஏஜென்சிக்கு எடுத்தால், "பிளேன் பழுதானதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?" சரி, ஒரே டிக்கட் என்று சொன்னது யார்?

காசு கட்டுமுன் ஈ-டிக்கட்டைக் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள 13 இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் மூன்றும் டிக்கட் வழங்கிய நிறுவனத்தின் குறி. இரண்டு பயணத்துக்கும் அது வேறு வேறாக இருந்தால் டிக்கட்டும் இரண்டு. ஏஜென்சியின் தாளை நம்ப வேண்டாம். விமானம் திரும்பினால் காரணத்தை அங்கேயே எழுத்தில் கேளுங்கள். 1999 மொன்றியல் உடன்படிக்கைப்படி தாமதத்தால் வந்த நட்டத்துக்கு வழக்குப் போட இரண்டு வருட அவகாசம்தான்.

நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அந்தத் தம்பி இப்போது என் அழைப்பையே எடுப்பதில்லை.