நார்வே மன்னர்களின் வம்சாவளிச் சுவர்ப்படம்: எந்தக் கோட்டினை நம்புவது?

நார்வேயின் இடைக்கால மன்னர்களை ஒரே தாளில் காட்டும் சுவர்ப்படம் ஒன்றை ஆஸ்லோவில் ஓர் அருங்காட்சியகக் கடையில் வாங்கினேன். அழகுமுடி ஹரால்ட் வென்றதாகச் சொல்லப்படும் ஹாஃபர்ஸ்ஃபியோர்ட் போரில் தொடங்கி, இளம் மன்னர் ஓலாவ் இறந்த 1387 வரை படம் நீள்கிறது. தாள் தடிமனானது, பளபளப்பு இல்லாததால் விளக்கொளி கண்ணைக் கூசச் செய்வதில்லை. ஆண்டவர்களின் பெயர்கள் சிவப்பிலும் ஆளாதவர்களின் பெயர்கள் சாம்பல் நிறத்திலும் உள்ளன. பிறப்புறவுக்கு முழுக்கோடு, ஐயமுள்ள பிறப்புறவுக்குப் புள்ளிக்கோடு, திருமணத்துக்கு இரட்டைக்கோடு. அச்சும் வண்ணமும் குறைசொல்ல இடம் தரவில்லை. ஆனால் வம்சாவளிப் படத்தின் தரம் அது எந்த இடத்தில் முழுக்கோடு இழுக்கத் துணிந்தது என்பதில்தான் இருக்கிறது. நார்வே அரச குடும்பத்தைப் பொறுத்தவரை அந்தத் துணிவு பல இடங்களில் அளவு மீறியிருக்கிறது.

படத்தின் மேற்பகுதியே அதன் பலவீனமான பகுதி. ஓலாவ் திரிக்வாஸன், 1030இல் ஸ்டிக்லஸ்டாட் போரில் மாண்டு பின்னர் புனிதராகப் போற்றப்பட்ட ஓலாவ் ஹரால்ட்ஸன், 1066இல் இங்கிலாந்தின் ஸ்டாம்ஃபோர்ட் பாலத்தருகே வீழ்ந்த ஹரால்ட் ஹார்ட்ரோதே ஆகிய மூவரையும் அழகுமுடி ஹரால்டின் நேர்வழித் தோன்றல்களாக முழுக்கோடுகள் இணைக்கின்றன. இந்த உறவுகளைச் சொல்லும் பெரிய சாகா நூல்கள் (பழைய நோர்ஸ் மொழி உரைநடைக் கதைகள்) 13ஆம் நூற்றாண்டில், அதாவது அந்த முதல் ஹரால்டுக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, எழுதப்பட்டவை. பிற்கால மன்னர்களின் உரிமைக்குப் பழைய வேர் தேவைப்பட்ட காலம் அது என்பதால் இன்றைய வரலாற்றாசிரியர் பலர் இக்கோடுகளை ஐயத்துடனேயே பார்க்கின்றனர். உண்மையில் புனித ஓலாவையும் ஹார்ட்ரோதேயையும் உறுதியாக இணைப்பவர் அவர்களின் தாய் ஆஸ்தா. தந்தையர் வேறு வேறானவர்கள். அந்த ஆஸ்தாவின் பெயரோ பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் அளவில் அச்சாகியிருக்கிறது. ஐயமுள்ள தந்தைவழிக்குத் தடித்த கோடும் ஐயமற்ற தாய்வழிக்குப் பொடி எழுத்தும் தரும் இந்தத் தலைகீழ் முறையை நான் ஏற்க மாட்டேன்.

ஹார்ட்ரோதேயிலிருந்து அவர் மகன் ஓலாவ் கீர்ரே, பேரன் வெறுங்கால் மாக்னுஸ் என இறங்கும் வழியில் சிக்கல் இல்லை. அதற்குக் கீழே, 1130 முதல் 1240 வரையிலான உள்நாட்டுப் போர்க் காலத்தில், படம் தன் விலைக்குத் தக்க மதிப்பைக் காட்டத் தொடங்குகிறது. மன்னரின் மகன் எவரும், மணவுறவுக்குள் பிறந்தவராயினும் வெளியே பிறந்தவராயினும், அரியணைக்கு உரிமை கோரலாம். பலர் சேர்ந்தும் ஆளலாம் என்பதே அன்றைய வழக்கம். பங்காளிச் சண்டைக்கு இதைவிட வளமான மண் கிடைக்காது. வெறுங்கால் மாக்னுஸின் மகன்கள் வெவ்வேறு தாய்மாருக்குப் பிறந்தவர்கள் என்பதைப் படம் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது. அயர்லாந்திலிருந்து வந்து தானும் அவர் மகனே என்ற ஹரால்ட் கில்லே, பழுக்கக் காய்ச்சிய ஏர்க்கொழுக்களின்மீது நடந்து அதை மெய்ப்பித்ததாக சாகா கூறுகிறது. அவருக்குப் புள்ளிக்கோடுதான் கிடைத்திருக்கிறது, அது சரியே. 1135இல் அவர் தம் அண்ணன் மகனும் உடன் ஆண்டவருமான மாக்னுஸைப் பிடித்துக் கண்களைப் பறித்தார். மறு ஆண்டே, வெறுங்கால் மாக்னுஸின் மற்றொரு மகன் எனத் தன்னைச் சொல்லிக்கொண்ட சிகுர்ட் ஸ்லெம்பேயின் ஆட்களால் தாமும் கொல்லப்பட்டார். இத்தனையும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள், கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் அடங்கியிருப்பது வரைந்தவரின் திறமைக்குச் சான்று.

மாக்னுஸ் எர்லிங்ஸன் தம் தாய் கிறிஸ்தீன் வழியாகத்தான் அரச குலத்தைச் சேர்ந்தவர். மணவுறவில் பிறந்தவருக்கு முன்னுரிமை தந்த 1163ஆம் ஆண்டு வாரிசுச் சட்டம் அவருக்கு வசதியாக அமைந்தது. அவரை 1184இல் ஃபிம்ரைட்டே கடற்போரில் வீழ்த்திய ஸ்வெர்ரே பரோயே தீவுகளில் வளர்ந்தவர். தான் சிகுர்ட் மூன் மன்னரின் மகன் எனத் தாய் சொன்னதாகக் கூறினார். அவருக்கும் புள்ளிக்கோடு. ஆனால் ஸ்வெர்ரேயின் பேரன் ஹோகோன் ஹோகோன்ஸனுக்கு முழுக்கோடு! தந்தை இறந்தபின் பிறந்த அவருடைய பிறப்பை நிலைநாட்ட, தாய் இங்கா 1218இல் பெர்கனில் இரும்புத் தீச்சோதனைக்கு உட்பட வேண்டியிருந்தது. அந்த உறவை மறுக்கப் பெரிய காரணம் ஏதும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஒரே வகைச் சோதனைக்கு ஹரால்ட் கில்லேயிடத்தில் புள்ளியும் இங்கே கோடும் ஏன் என்று விளக்க ஓர் அடிக்குறிப்பு வேண்டாமா? மேலும், ஸ்வெர்ரேயின் புள்ளிக்கோட்டை அழித்துவிட்டால் அதற்குக் கீழுள்ள தந்தைவழி முழுவதும் பழைய குலத்திலிருந்து அறுந்து தனியே நிற்கும் என்பதையும் படம் சொல்லாமல் கடந்துவிடுகிறது.

ஹோகோனுக்கு எதிராக அரியணை கோரிய ஸ்கூலே போர்ட்ஸன் பகுதி நுட்பமானது. அவரும் ‘இங்கே’ என்ற பெயருடைய மன்னரும் ஒரே தந்தையின் மகன்கள். எனினும் இங்கேயின் அரச உரிமை அவர் தாய் செசிலியா வழி வந்தது, ஸ்கூலேக்கு அந்தத் தாய் இல்லை. இரு மனைவியரையும் படம் பிரித்துக் காட்டுவதால், ஸ்கூலேயின் உரிமைக்கோரல் ஏன் வலுவற்றதாக இருந்தது என்பது ஒரே பார்வையில் விளங்குகிறது. அவர் மகள் மார்கிரேட்டை ஹோகோன் 1225இல் மணந்தார். மாமனார் 1239இல் தாமே மன்னர் என அறிவித்து மறு ஆண்டு கொல்லப்பட்டார்.

அதன்பின் படம் அவசரப்படுகிறது. காஸ்டிலிய இளவரசருக்கு மணமுடிக்கப்பட்டு ஸ்பெயினில் மறைந்த கிறிஸ்தீனாவும், ஸ்காட்லாந்தின் அரியணைக்கு வாரிசாகி 1290இல் சிறுமியாகவே இறந்த மார்கரெட்டும் வெறும் பெயர்களாக நிற்கின்றனர். 1319இல் ஐந்தாம் ஹோகோன் ஆண் வாரிசின்றி இறந்தபோது, மகள் இங்கேபோரின் மூன்று வயது மகன் மாக்னுஸ் நார்வேக்கும் சுவீடனுக்கும் மன்னரானார் என்பது மட்டும் ஒழுங்காகக் காட்டப்பட்டுள்ளது. அந்த மாக்னுஸின் தங்கை யூஃபேமியாவை விட்டுவிட்டது கடும் பிழை. ஜெர்மனியின் மெக்லன்பர்க் குடும்பத்தில் மணமான அவர் வழியாகவே பொமரேனியாவின் எரிக் ஐந்தாம் ஹோகோனின் கொடிவழியில் சேர்கிறார். அவரை விட்டதால், 1387இல் இறந்த ஓலாவுக்குப் பின் வந்த எரிக் டென்மார்க் அரசி மார்கிரேட்டின் உறவினர் என்பதாலேயே நார்வேயைப் பெற்றவர் போலத் தோன்றுகிறது.

அடியிலுள்ள சிறு கட்டத்தில், 1905இல் அரியணையேறிய டேனிய இளவரசர் ஏழாம் ஹோகோன் என்ற பெயரை ஏற்றதும், 1991இல் வந்த ஹரால்ட் ஐந்தாமவர் எனப்படுவதும் தரப்பட்டுள்ளன. அந்த எண்ணிக்கையில் நான்காமவர் புள்ளிக்கோட்டு ஹரால்ட் கில்லேதான் என்பதைக் கவனித்துச் சிரித்துக்கொண்டேன்.

பள்ளி நூலகத்துக்கோ வரலாற்று ஆர்வலரின் சுவருக்கோ இதை வாங்கலாம். மேற்பகுதியின் மூன்று முழுக்கோடுகளைப் பென்சிலால் புள்ளிகளாக்கி, யூஃபேமியாவையும் எழுதிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மடித்து வைக்கும் சிறிய பதிப்பும் விற்பனையில் உள்ளது. அதில் இடம் போதாமல் தாய்மார் பெயர்கள் பெரும்பாலும் நீக்கப்பட்டுள்ளதால், உள்நாட்டுப் போர்க் காலத்தைப் புரிந்துகொள்ள அது உதவாது. பெரிய தாளையே கேட்டு வாங்குங்கள்.