சைட்டாமா 2002 மைதானம்: இறுதிப் போட்டியின் இரண்டாம் ஆட்டத்துக்கு இதைவிட நல்ல இடம் உண்டா?

ஆசியக் கால்பந்து கிளப்களுக்கான ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் இறுதிப் போட்டி இரண்டு ஆட்டங்களாக நடந்த காலத்தில், இரண்டாவது ஆட்டம் ஜப்பானின் சைட்டாமாவில் என்றாலே வந்த அணிக்கு வயிற்றைக் கலக்கும். இந்த மைதானத்தின் சொந்த அணியான உராவா ரெட்ஸ் இந்தக் கோப்பையை மூன்று முறை (2007, 2017, 2022) வென்றது. மூன்றும் இந்தப் புல்தரையில்தான் முடிவானது. மூன்று முறையும் எதிரணி ஊரில் 1-1, இங்கே கோல் வாங்காமல் வெற்றி.

1-1 என்று திரும்பினால், அப்போதிருந்த வெளியூர் கோல் விதிப்படி (மொத்தக் கோல்கள் சமமானால் எதிரணி ஊரில் அதிகம் அடித்த அணிக்கே வெற்றி) இங்கே 0-0 போதுமாக இருந்தது. எதிரணி கோல் அடித்தே ஆக வேண்டும். ஏறி வரும், பின்னால் இடம் திறந்துவிடும். 2017-இல் ரஃபேல் சில்வா 88-வது நிமிடத்தில் சவூதி அணியான அல்-ஹிலாலின் கதையை முடித்தார். 2019-இல் கணக்கு தலைகீழ். ரியாதில் அதே அல்-ஹிலாலிடம் 0-1 தோற்று வந்த உராவாதான் துரத்த வேண்டியிருந்தது. 74-வது நிமிடத்தில் சலேம் அல்-தவ்சாரி, 90 நிமிடம் தாண்டிய நிறுத்த நேரத்தில் கோமிஸ், 0-2. முதல் ஆட்டத்தைக் கோட்டைவிட்டால் எந்த மைதானமும் காப்பாற்றாது.

63,700 இருக்கைகள், நடுவே ஓட்டப் பாதை கிடையாது. கார்னர் எடுப்பவர் பந்தை வைக்கும்போது சுவாசிப்பதுகூடத் தெரியும் அளவுக்கு முன்வரிசை நெருக்கம். வடக்கு கோலுக்குப் பின்னால் போனால் ஆட்டம் முழுக்க நின்று பாட வேண்டும். அணிகளின் அமைப்பைப் படிக்க விரும்புபவர்கள் பக்கவாட்டு மேல்தளத்தில் டிக்கெட் எடுங்கள். பெரிய குறை கூரை: பக்கவாட்டுப் பகுதிகளுக்கு மட்டும்தான். கோல்களுக்குப் பின்னால் மழை நேராகத் தலையில் இறங்கும். குடை விரித்தால் பின்வரிசைக்கு மறைக்கும், மழைக்கோட்டே சரி. கேன், கண்ணாடி பாட்டில் உள்ளே விடமாட்டார்கள். வாசலில் காகிதக் கோப்பையில் ஊற்றிக்கொள்ள வேண்டும்.

2024-25 முதல் இறுதி ஒரே ஆட்டமாகிவிட்டது, அதுவும் முதல் முறையே சவூதியின் ஜித்தாவில். உராவாவின் லீக் ஆட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு வழி மாறவில்லை: டோக்கியோவின் நம்போகு சுரங்க ரயில் தடத்திலிருந்து நேராக வரும் ரயிலில் கடைசி நிலையமான உராவா-மிசோனோ, அங்கிருந்து 15-20 நிமிட நடை. இந்த ஒரே தடத்தை நம்பித்தான் பெருங்கூட்டம் திரும்புகிறது. விசில் ஊதியதும் ஓடாமல் அரைமணி நேரம் பொறுங்கள். ரயில் அங்கிருந்தே புறப்படுவதால் உட்கார இடம் கிடைக்கும்.